திரையையும் வையுங்கோ

வேலணை
12.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு நாளும் கடிதம் எழுதாதவள் திடீரென்று எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் வீடியோவில் வரும்போதெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கை காட்டிவிட்டுக் குசினிக்குள் போகிறவள்தான் நான். இப்போது உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று அம்மா சொன்னா. வட்சப்பில் எழுதினால் லக்சிகா மச்சாளின் போனுக்குத்தான் வருமாம். அதனால்தான் தபால்.

மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அம்மா சுகம். அப்பாவும் சுகம். வெங்காயம் நட்ட கையோடு பின்வேலிக்குத் தகரம் அடிக்கத் தொடங்கியிருக்கிறார். இருந்த ஓலைக் கிடுகு வேலிக்கு என்ன குறை என்று அம்மா ஏசுகிறா. பின்வளவில் ஆரோ திரும்பி வந்து குடியிருக்கிறார்களாம்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது மாமா. நீங்கள் வேலை பார்த்த பழைய கோட்டு, அந்த நீதிமன்றக் கட்டடத்தைத் திருத்தி, தீவுப்பகுதி வரலாற்றுக்கு ஒரு நூதனசாலை ஆக்குகிறார்கள். பொருட்களுக்கு விளக்கம் எழுதுவது என் பொறுப்பு. "பிள்ளை கோட்டிலை வேலை" என்று அம்மா சொல்லித் திரிகிறா. சந்தையில் ஒருவர் தன் காணி வழக்கை எடுப்பேனா என்று கேட்டுவிட்டார்.

கூரைக்குப் புதுத் தீராந்திகள் ஏற்றியாகிவிட்டது. ஆனால் உள்ளே என்ன எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை. மொழிபெயர்ப்பாளராக அத்தனை வருடம் அங்கே இருந்த உங்களைத் தவிர நான் ஆரைக் கேட்பேன்? நீதவான் எங்கே இருந்தார், சாட்சிக்கூடு எந்தப் பக்கம் பார்த்தது, எல்லாம் வேண்டும்.

இன்னொன்று. வழக்கு இழுபட்டால் ஒரு பக்கத்தார், "அவர் கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் செய்யட்டும், நான் வழக்கை விடுறன்" என்று கேட்பார்களாமே. கோட்டு ஆள் ஒருவர் கூடப் போய்ப் பார்த்துவந்து சொன்னால் அதுவே முடிவாம். எங்கள் பொறியியலாளர் டினேஷ் சேருக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்துவிட்டது. அதற்குத் தனி மூலை ஒதுக்கியிருக்கிறார். நீங்களும் அப்படிப் போயிருப்பீர்கள்தானே?

ஆறுதலாக எழுதுங்கோ. குளிருக்குக் கவனம்.

உங்கள் மருமகள்
பிரியவதனி


மொன்றியல்
04.02.2025

என்ரை மருமகள் பிரியவதனிக்கு மாமா எழுதுறது,

தபாற்பெட்டியைத் திறக்க ஒரு சாண் பனியைத் தட்ட வேண்டியிருந்தது. கடிதத்தைக் கண்டதும் குளிர் போயிட்டுது. மாமியின்ரை முழங்கால் அவவோடைதான் இருக்குது, போகேல்லை. நான் நல்ல சுகம். காது கேளாததாலை இன்னும் சுகம்.

எங்கடை குடும்பத்திலை கம்பஸ் போன முதல் பிள்ளை நான் இருந்த கட்டடத்திலை இருக்குது! கேளும். நீதவானின்ரை கதிரை கிழக்குச் சுவரோடை. சாட்சிக்கூடு முந்திக் கடல் பக்கம் பாத்தது. சாட்சி சொல்லுறவன் வள்ளத்தைப் பாத்துக்கொண்டு, கேட்ட கேள்வியை மறந்து போவான். பிறகு திருப்பி வைச்சவை. என்ரை மேசை கூட்டுக்குப் பக்கத்திலை. மேலை ஓட்டுக்குள்ளை காகம் கூடு கட்டியிருந்தது. ஒருநாள் பெரிய அப்புக்காத்து "கனம் நீதவான் அவர்களே" எண்டு வாயைத் திறக்க, காகம் அவரின்ரை தலையிலையே தீர்ப்புச் சொல்லிப்போட்டுது.

வாசல் பூவரசுக்குக் கீழை சூசையம்மா வடை விப்பா. வெண்டவன் காசு குடுக்க வேணும். தோத்தவனுக்குத் தேத்தண்ணி சும்மா. "அவனுக்குத்தான் மோனை தொண்டை காயும்" எண்டு சொல்லுவா. இதைக் கட்டாயம் எழுதி வையும்.

மரக்கம்பித் தடுப்பு, மணி, விசிறி எல்லாம் படம் கீறி இதோடை அனுப்புறன். வேறை என்ன வேணுமெண்டாலும் தயங்காமல் கேளும். என்ரை தங்கச்சி, கொம்மாவைக் கேட்டதாச் சொல்லும். அத்தானையும்தான்.

மாமா
தில்லைநாதன்


வேலணை
27.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. காகத்தின் தீர்ப்பை வாசித்து டினேஷ் சேர் கூரைக்குக் கட்டிய சாரத்திலிருந்து விழப் பார்த்தார். உங்கள் படத்தை வைத்துத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். கூடு இருந்த இடத்தில் பலகை உரசிய தடம் இன்னும் இருக்கிறது. நீங்கள் சொன்னது அங்குலம் பிசகவில்லை. மாமிக்கு நல்லெண்ணெயில் ஓமம் காய்ச்சிப் பூசிப் பார்க்கச் சொல்லி அம்மா சொன்னா.

சத்தியத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள். வேலை அவசரமென்பதால் திரும்பக் கேட்கிறேன்.

எங்கள் அம்மன் கோயில் சுதர்சனக் குருக்களிடமிருந்து ஒரு பித்தளைத் தட்டு வந்திருக்கிறது. அவருடைய தகப்பனார் காலத்தில், கோட்டிலிருந்து சத்தியத்துக்கு வருபவர்களுக்கு அதில்தான் கற்பூரம் ஏற்றுவதாம். நடுவில் கருகிய வட்டம் ஒன்று. "ஏன் ஐயா, நல்ல தட்டாயிருக்கே, பூசைக்கு எடுக்கலாமே" என்றேன். "அப்பா ஒரு சத்தியத்துக்குப் பிறகு அதைத் தொடேல்லை. கேட்டனான். சொல்லேல்லை" என்றார்.

இன்னொரு விஷயமும் மனதை அரிக்கிறது. ஒரு அம்மா அடிக்கடி வந்து பூவரசுக்குக் கீழே இருக்கிறா. அறுபது தாண்டியிருக்கும். உள்ளே வரமாட்டா, வாசலால் சாட்சிக்கூடு இருந்த இடத்தையே பார்ப்பா. தச்சர்கள் அவவை உளவாளி என்கிறார்கள். அன்றைக்கு நெருப்பு வெயில். என் போத்தலை நீட்டினேன். "எங்கத்தைத் தண்ணி?" என்றா. "எங்கடை வீட்டுக் கிணறு, நல்ல தண்ணி அம்மா" என்றேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "வேண்டாம் பிள்ளை" என்றா. பிறகு கடையில் வாங்கிய போத்தலை எடுத்துக் குடித்தா. பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இவ ஆராயிருக்கும் என்று உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

பிரியவதனி


மொன்றியல்
30.03.2025

பிரியவதனிக்கு,

சுகம். நீரும் சுகமாயிரும். பதில் பிந்திப் போச்சு, தடிமனும் இருமலும்.

சத்தியத்தைப் பற்றி எழுத அப்பிடிப் பெரிசா ஒண்டுமில்லை. எப்பவாவது நடக்கும். இந்தக் காலத்துச் சனத்துக்கு விளங்காது, சிரிப்பினம். அந்த மூலையிலை தீவுக் கப்பல்களைப் பற்றி ஏதும் வையும். எங்கடை துறைகளுக்கு எத்தினை பெரிய கதை இருக்கு. தட்டை ஐயரிட்டையே திருப்பிக் குடும். கோயில் சாமானைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை பூட்டுறது சரியில்லை.

மீனலோசனி வந்து இருந்தால் இருக்கட்டும். கதை குடுக்காதேயும். அவைக்கு எப்பவும் ஏதும் குறைதான்.

வேலைக்குப் போகேக்கை குடை கொண்டு போம்.

மாமா


வேலணை
20.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

புதுவருடம் நல்லபடி போனதா? தடிமன் மாறிவிட்டதா? இங்கே அம்மா உங்களுக்காகவும் கைவிசேடக் காசு எடுத்து வைத்திருக்கிறா.

அவவின் பெயர் மீனலோசனிதான். ஆனால் மாமா, அந்தப் பெயரை நான் உங்களுக்கு எழுதவில்லை. அப்போது எனக்கே தெரியாது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவவிடம் போய், "நீங்கள் மீனலோசனி அம்மாவோ?" என்று கேட்டேன். "உமக்கு ஆர் சொன்னது?" என்றா. எனக்குப் பொய் சொல்ல வராது. "மாமா" என்றேன். "தில்லைநாதன் இன்னும் இருக்கிறாரோ?" என்று கேட்டா.

எங்கள் பின்வளவுக்கு வந்திருப்பவ அவதான் மாமா. தொண்ணூறில் இடம்பெயர்ந்து, வன்னியெல்லாம் அலைந்து, புருசனையும் பறிகொடுத்துவிட்டு, போன வருடம்தான் காணிக்குத் திரும்பியிருக்கிறா. அவவின் கிணறு உவர். குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வாங்குகிறா. "முந்தி உங்கடை பின்வேலியிலை ஒரு பொட்டு இருந்தது. அதாலை நுழைஞ்சு வந்துதான் நாங்கள் தண்ணி அள்ளுறது. கிணத்திலை எங்களுக்கும் பங்கு" என்றா. "பிறகு?" என்றேன். "பிறகு வழக்கு. என்ரை மனுசன் சத்தியம் கேட்டார். பங்கில்லையெண்டு கொப்பர் கற்பூரம் அணைச்சவர். சத்தியம் கேட்ட பக்கம் பிறகு வாய் திறக்கக் கூடாது பிள்ளை. அதுதான் முறை."

அன்றைக்கு முதல்முறையாக உள்ளே வந்தா. தட்டைச் சுற்றிப் பார்த்தா. போகும்போது வாசலில் நின்று, "தட்டு இருக்கு. திரையையும் வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

என்ன திரை மாமா? கோட்டில் திரை இருந்ததா? அப்பா சத்தியம் செய்ததை இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "ஓம், அந்த வழக்கு முடிஞ்ச கையோடைதான் அண்ணை எனக்குக் கலியாணம் பேசினவர்" என்றா. அதற்குமேல் அவவுக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கோட்டிலிருந்து கூடப் போனது ஆர்?

மருமகள்
பிரியவதனி


வேலணை
12.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் முந்தைய கடிதம் கிடைத்ததோ தெரியாது. கிடைத்திருந்தால் நீங்கள் சுகமில்லாமல் இருக்கிறீர்களோ என்ற யோசனை. கிடைக்காவிட்டால் நல்லது என்றும் சில நேரம் நினைக்கிறேன்.

குருக்களிடம் போனேன். திரை என்றால் கோட்டுத் திரை இல்லை என்று அவர்தான் சொன்னார். சந்நிதித் திரை. "அம்மாளுக்கு நைவேத்தியம் படைக்கேக்கை திரை போடுவம். அந்த நேரம் சனம் கும்பிடாது, காத்துக்கொண்டு நிக்கும்" என்றார். அந்த நேரம் ஒருவர் சத்தியம் செய்தால் என்றேன். "அம்மாள் பாக்கேல்லை, அதாலை பாவம் ஒட்டாது எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம்." பிறகு குரலைத் தணித்தார். "அப்பா சாகக் கிடக்கேக்கை ஒண்டு சொன்னவர். திரையை வழமையை விட வேளைக்குப் போடச் சொல்லி ஆரோ வந்து கேட்டவையாம். ஆரெண்டு சொல்லேல்லை. நானும் பிறகு கேக்கேல்லை."

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு காட்சிதான். திருவிழாவில் மணி அடித்துத் திரை விலகும். எல்லாரும் கையைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்து வெளியே போய்ச் சைக்கிள்களோடு நிற்பார். நான் சின்னனிலிருந்து பார்க்கிறேன். என்னைப்போல அவருக்கும் சனக்கூட்டம் என்றால் கூச்சம் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

டினேஷ் சேர் விளக்கப் பலகைக்கு அவசரப்படுத்துகிறார். "என்ன பிள்ளை, சத்திய மூலைக்குச் சத்தியமா எழுதித் தருவீரோ மாட்டீரோ?" என்று எல்லார் முன்னாலும் பகிடி விட்டார். நான் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

மாமிக்கும் உங்களுக்கும் சுகம் வேண்டுகிறேன். அதை இந்த முறை எந்தப் பக்கம் பார்த்து வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

பிரியவதனி


மொன்றியல்
05.07.2025

பிரியவதனிக்கு லக்சிகா எழுதுறது,

எப்பிடி இருக்கிறீர்? என்னுடைய தமிழ் எழுத்து சரியில்லை, சிரிக்காதேயும். அப்பா உம்முடைய கடிதங்களை ஜக்கெற் பைக்குள்ளை வைத்துக்கொண்டு திரியிறார். வீட்டுக்குள்ளேயும் ஜக்கெற். கேட்டால் காது கேளாத மாதிரி இருக்கிறார், உதட்டைப் பார்த்து விளங்குகிற மனுசன். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கும் சொல்லுகிறார் இல்லை.

நீர் என்ன எழுதினனீர்? காசு ஏதும் தேவை என்றால் நேரே என்னட்டைக் கேளும். வயதுபோன மனுசனைக் கரைச்சல் படுத்த வேண்டாம். கோபத்தில் சொல்லேல்லை.

லக்சிகா


மொன்றியல்
03.08.2025

பிரியவதனிக்கு,

லக்சிகா எழுதினதுக்கு மனவருத்தப்படாதேயும். அவள் இஞ்சை பிறந்தவள், எல்லாத்தையும் காசு எண்டுதான் நினைப்பாள். எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை. தக்காளி நல்லாக் காய்ச்சிருக்கு.

கொம்மாவின்ரை இடக்கை முழங்கையிலை நேரா வராது, பாத்திருப்பீர். ஏனெண்டு கேட்டிருக்கிறீரோ? எங்கடை வீட்டுக் கிணறு உப்பு. எங்கடை அம்மா செத்தாப்பிறகு தங்கச்சிதான் பக்கத்து ஊருக்கு நடந்து தண்ணிக்குப் போறது. பங்குனி வெயில். ஒருநாள் குடத்தோடை கல்லிலை விழுந்தது. முறிஞ்ச கையோடை, மற்றக் கையாலை பாதித் தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டுத்தான் அழுதது. நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போறவன். அண்டைக்கு அந்தத் தண்ணியிலைதான் முகம் கழுவினனான்.

நல்ல தண்ணி உள்ள வீட்டுக்குத்தான் அவளைக் குடுக்கிறதெண்டு அண்டைக்கு நினைச்சனான். பங்குத் தண்ணியெண்டால் எண்டைக்கும் சண்டைதான்.

நீர் கேட்டதுக்கு: கூடப் போனது நான். அண்டைக்குக் கோட்டாலை வேறை ஆளில்லை. கற்பூரம் எரிஞ்சது. கொப்பர் கையாலை அணைச்சார். நான் கற்பூரத்தைப் பாத்தனான். அதைப் பாக்கிறதுதான் என்ரை வேலை. மற்றப் பக்கம் நான் பாக்கேல்லை.

இதுக்கு மேலை என்னாலை எழுத ஏலாது. கொம்மாவுக்கு இதைக் காட்டாதேயும்.

மாமா


வேலணை
14.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? லக்சிகா மச்சாளில் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கோ. அம்மா சுகம். உங்கள் கடிதத்தை என் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் அம்மா கிணற்றுத் துலாவடியில் நின்று இடக்கையால் வாளியைப் பிடிக்கும்போது முந்திப்போல என்னால் பார்க்க முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டை வைத்தாயிற்று. குருக்கள் பழைய சிவப்புத் திரை ஒன்று தந்தார். அதைப் பின்னால் தொங்கவிட்டோம். பலகையில் ஒரு பெயரும் இல்லை. முறையை மட்டும் எழுதினேன். ஆர் கேட்பது, ஆர் அணைப்பது, கோட்டு ஆள் எங்கே நிற்பது. கடைசியாக, "சத்தியம் செய்யும்போது சந்நிதித் திரை திறந்திருக்க வேண்டும்." டினேஷ் சேர், "இந்தக் கடைசி வரி தேவையோ?" என்றார். "அதுதான் முறை சேர்" என்றேன். அவர் முன்னால் என் குரல் நடுங்காமல் வந்தது அதுதான் முதல் தரம்.

மீனலோசனி அம்மா வந்து, உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் வாசித்தா. எனக்கு நன்றி சொல்லுவா என்று எங்கோ எதிர்பார்த்தேன். "திறப்புவிழாவுக்குக் கொப்பர் வருவாரோ?" என்று மட்டும் கேட்டா. "தெரியாது" என்றேன். கடைப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டுப் போனா. என்னையும் அவ நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் இருபத்தாறு வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

அன்றிரவு சாப்பிடும்போது, "தட்டுக்குப் பின்னாலை திரையும் போட்டிருக்கிறம் அப்பா" என்றேன். பிசைந்த சோறு அவர் கையிலேயே இருந்தது. "ஆர் சொன்னது?" என்றார். "மாமாட்டையும் கேட்டனான்." "கொம்மான் என்னவாம்?" "ஒண்டும் சொல்லேல்லை." அவர் அதை நம்பினாரோ இல்லையோ தெரியாது. அதிலிருந்து தபால்காரரின் மணி கேட்டால் தோட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கிறார். எனக்கு வரும் கடிதங்களின் உறையைக் கையில் எடுத்து, முத்திரையைப் பார்த்துவிட்டுத் தருகிறார். நீங்கள் எழுதிவிடுவீர்கள் என்று அவர் பயப்படுகிறார். அவர் சொல்லிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு.

நான் இன்னொரு கேள்வியும் கேட்கப்போவதில்லை மாமா. இந்த வருடம் மழை பிந்துமென்கிறார்கள். பவுசர் வராத நாட்களில் அவவின் வளவில் அடுப்பு எரிவதில்லை. புகையைப் பார்த்தே எனக்குத் தெரிகிறது. நான் அப்பாவிடம் கேட்டால் என்னையும் சந்தேகப்பட்டு இன்னொரு தகரம் அடிப்பார். அவர் இந்த உலகத்தில் ஒரு ஆளின் சொல்லைத்தான் கேட்பார்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் சுகத்துக்கு, திரை திறந்திருக்கும்போது நேரே பார்த்து வேண்டிக்கொண்டேன்.

என்றும் உங்கள் மருமகள்
பிரியவதனி

பி.கு.: தையிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டும்போது கேட்க ஏதோ மிச்சமிருந்தது. அது என்னவென்று இப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கு ஒரு கடிதம் போடுங்கோ. பழையதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பின்வேலியில் ஒரு தகரத்தைக் கழற்றி, குடத்தோடு ஒரு ஆள் நிமிர்ந்து வந்துபோகிற அளவுக்கு ஒரு பொட்டு வைக்கச் சொல்லி மட்டும் எழுதுங்கோ மாமா.